ஒரே ஆள், ஐந்து பெயர்! குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் பெயர்க் குழப்பத்தைச் சரிசெய்வது எப்படி?

இரவு 11 மணிக்கு அமெரிக்காவிலிருந்து அக்காவின் வாட்ஸ்அப் மெசேஜ். "தூங்கிட்டியா? அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அந்த அஃபிடவிட் எங்க இருக்குன்னு அம்மாகிட்ட கேட்டு, உடனே போட்டோ எடுத்து அனுப்பு!"

அம்மாவை எழுப்பி, பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைகளுக்கு அடியிலிருந்து மஞ்சப்பையை எடுத்தோம். ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், என் தடுப்பூசி அட்டை, அக்காவின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் என ஒவ்வொன்றாகக் கட்டிலில் பரப்பினோம். கடைசியில் கிடைத்தது அந்தப் பிரமாணப் பத்திரம். கீழே அப்பாவின் கையெழுத்து. அம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா தவறி இரண்டு வருடங்கள் ஆகின்றன.

அக்கா அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தயாராகிக்கொண்டிருந்தாள். கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடங்கள் தாண்டிவிட்டன. வரி, வேலை எல்லாம் சரியாக இருந்தன. அவளைத் தூங்கவிடாமல் செய்தது அவளுடைய பெயர்தான்.

ஒரு பெயர் ஐந்தான கதை

இந்தக் கட்டுரைக்காகப் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். அப்பா முருகேசன், அக்கா கவிதா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் அக்காவுக்குப் பெயரே இல்லை. 'பெண்' என்று மட்டும்தான் இருந்தது. தகப்பனார் பெயர் 'முருகேசு'. பிறப்பைப் பதிவு செய்யப் போனவர் தாத்தா. வீட்டில் மகனை எப்படிக் கூப்பிடுவாரோ, அப்படியே சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பள்ளிச் சான்றிதழில் 'எம்.கவிதா'. அதிலும் 'தா'வுக்கு ஆங்கிலத்தில் 'டி' மட்டும்தான், 'எச்' கிடையாது.

முதல் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரிக்கச் சொன்னார்கள். 'கிவன் நேம்' கட்டத்தில் 'கவிதா முருகேசன்' என்று முழுவதையும் எழுதி, 'சர்நேம்' கட்டத்தை அப்பா காலியாக விட்டுவிட்டார். நமக்குத்தான் சர்நேம் என்று ஒன்று இல்லையே!

அந்த பாஸ்போர்ட்டுடன் படிக்கப் போனபோது, அமெரிக்க விசாவில் 'எஃப்.என்.யு.' என்று ஒரு புதுப்பெயர் முளைத்தது. 'ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்', அதாவது 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால், இருக்கிற பெயர் முழுவதையும் சர்நேமாக எடுத்துக்கொண்டு, முதற்பெயர் இடத்தில் இதைப் போட்டுவிடுவார்கள். அடுத்து எடுத்த டிரைவிங் லைசென்ஸ், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் அக்கா 'எஃப்.என்.யு.' ஆகிவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் "ஃபனு" என்று கூப்பிட்டாராம்!

திருமணத்துக்குப் பிறகு இங்கே மாமாவுடன் சேர்ந்து திறந்த வங்கிக் கணக்கில் 'கவிதா குமார்'. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதுதான் 'கவிதா' ஒரு கட்டத்திலும் 'முருகேசன்' இன்னொரு கட்டத்திலும் ஒழுங்காக உட்கார்ந்தன. கிரீன் கார்டும் அதே பெயரில் வந்தது.

ஆக, ஒரே ஆளுக்கு ஐந்து விதமான பதிவுகள். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால், அத்தனை தாள்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு இது ஐந்து பேர் போலத்தான் தெரியும்.

நமக்கு மட்டும் ஏன் இந்தச் சிக்கல்?

பெரும்பாலான வெளிநாட்டு விண்ணப்பங்கள், குடும்பப் பெயர் என்று ஒன்று உண்டு என்ற கணக்கில் அமைந்தவை. நம்மிடம் இருப்பது இனிஷியல். அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடும் வழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. 1929-ம் ஆண்டு பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில், சாதிப் பட்டங்களைக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த இயக்கத்தின் தாக்கத்தில் வந்த தலைமுறைகள் இனிஷியலோடு நிறுத்திக்கொண்டன. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால், விண்ணப்பத்தின் சர்நேம் கட்டத்துக்கு இந்த வரலாறு தெரியாது.

விளைவு, ஒரே வீட்டில் மூன்று சர்நேம். அக்காவுக்கு அவள் அப்பா பெயர், 'முருகேசன்'. மாமாவுக்கு அவர் அப்பா பெயர், 'கந்தசாமி'. குழந்தைக்கு மாமாவின் பெயர், 'குமார்'. ஏர்போர்ட்டில் "இந்தக் குழந்தை உங்களுடையதா?" என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார்கள்.

ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டால் பயணமே தடைப்பட்டதும் உண்டு. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களை சுற்றுலா, விசிட் விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது நினைவிருக்கலாம்.

ஆங்கில எழுத்துக்கூட்டல் தனிக் கதை. 'ழ'வுக்கு ஒருவர் 'இசட்-எச்' போடுவார், இன்னொருவர் 'எல்' போடுவார். லட்சுமியின் நடுவில் ஒரு சான்றிதழில் 'கே-எஸ்-எச்', இன்னொன்றில் 'எக்ஸ்'. தமிழில் ஒரே பெயர்தான். ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் ஆள் மாறிவிடுகிறார்.

மறைப்பதுதான் ஆபத்து

"பழைய பேரெல்லாம் எழுதினா குழப்பம்தான். இப்ப இருக்குற பேரை மட்டும் போட்டுட்டுப் பேசாம இரு" என்று அக்காவுக்குத் தெரிந்த சிலர் அறிவுரை சொல்லியிருக்கிறார்கள். இது தவறான அறிவுரை.

அமெரிக்கக் குடியுரிமைக்கான விண்ணப்பப் படிவம் என்-400. அதில் உங்களுடைய தற்போதைய சட்டப்பூர்வப் பெயரைக் கேட்பார்கள். பிறந்ததிலிருந்து பயன்படுத்திய மற்ற பெயர்கள் என்னென்ன என்றும் ஒரு கேள்வி உண்டு. திருமணத்துக்கு முந்தைய பெயர், புனைபெயர் எல்லாம் இதில் அடங்கும். உங்கள் பின்னணியைச் சரிபார்க்க இந்தப் பெயர்கள் உதவுகின்றன. நேர்காணலில் சத்தியப்பிரமாணம் எடுத்துக்கொண்டு, இந்தப் பதில்கள் உண்மை என்று அதிகாரி முன்னால் உறுதியும் சொல்ல வேண்டும்.

பெயர் மாறியிருப்பது குற்றமல்ல. உலகம் முழுக்க மக்களுக்குப் பெயர்கள் மாறுகின்றன; அதற்காகத்தான் அந்தக் கட்டமே இருக்கிறது. தெரிந்தே மறைத்தால்தான் சிக்கல். முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைத்துப் பெற்றது என்று நிரூபணமானால், கொடுத்த குடியுரிமையைப் பிறகு ரத்து செய்யவும் அந்நாட்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அக்கா எல்லாவற்றையும் எழுதினாள், 'எஃப்.என்.யு.' உட்பட.

நம் நாட்டிலும் பெயரின் எழுத்து மாறியதே ஒருவருடைய குடியுரிமைக்கு வினையான வழக்கு ஒன்று உண்டு. அசாமில் ஒருவரை வெளிநாட்டவர் என்று தீர்ப்பாயம் அறிவித்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, அவர் இந்தியர்தான் என்றது. ஆவணங்களில் பெயர் எழுத்துகளிலும் தேதிகளிலும் உள்ள சிறு வேறுபாடுகளை மட்டும் வைத்து அப்படி முடிவெடுக்க முடியாது என்பதையும் சுட்டிக்காட்டியது. நியாயம் கிடைத்தது. ஆனால், அதற்கு அவர் பல வருடங்கள் நீதிமன்றப் படிகளை ஏறி இறங்க வேண்டியிருந்தது.

இரண்டு பெயருக்கு நடுவில் ஒரு தாள்

அக்காவின் அனுபவத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான். எல்லாச் சான்றிதழ்களையும் ஒரே பெயருக்கு மாற்ற வேண்டும் என்று கிளம்பினால் ஆயுள் போதாது. ஒரு பெயரை முடிவு செய்துவிட்டு, மற்ற ஒவ்வொரு பெயரையும் அதனுடன் இணைக்கும் ஒரு தாளைக் கையில் வைத்திருந்தால் போதும்.

திருமணத்தால் மாறிய பெயருக்கு, திருமணப் பதிவுச் சான்றிதழ். விரும்பி மாற்றிக்கொண்ட பெயருக்கு, அரசிதழ் வெளியீடு. தமிழ்நாட்டில் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை இதைச் செய்கிறது. கட்டம் மாறி உட்கார்ந்த பெயருக்கு, பழைய பாஸ்போர்ட்டும் புதிய பாஸ்போர்ட்டும் சேர்ந்தே சாட்சி. ரத்து முத்திரை குத்திய பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெற்றோர் பெயர், எழுத்துக்கூட்டல் வேறுபாடு போன்றவற்றுக்கு, 'இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்' என்கிற பிரமாணப் பத்திரம்.

பிறப்புச் சான்றிதழ்

அமெரிக்காவைப் பொறுத்தவரை, பிறப்புச் சான்றிதழ் முக்கியமாகத் தேவைப்படுவது கிரீன் கார்டு கட்டத்தில். அங்கே சரியாக இருந்துவிட்டால், குடியுரிமைக் கட்டத்தில் பாதி பாரம் குறையும்.

பிறப்பைப் பதிவு செய்து, குழந்தையின் பெயரைப் பதியாமல் விட்டவர்கள், பதிவு நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். 15 ஆண்டுகளையும் தாண்டியவர்களுக்கு அரசு அவ்வப்போது சிறப்பு அவகாசம் கொடுத்திருக்கிறது. இப்போது அவகாசம் இருக்கிறதா என்று, பிறப்பு பதிவான ஊரின் நகராட்சி, மாநகராட்சி அல்லது ஊராட்சிப் பகுதிக்கான பதிவாளரிடம் கேளுங்கள்.

அப்படி ஓர் அவகாசத்தில்தான் அக்காவின் பெயரை அப்பா பதிய வைத்தார். ஆனால், 'முருகேசு' அப்படியே நின்றுவிட்டது. அதைத் திருத்த இன்னும் ஆவணங்கள் கேட்டார்கள், நாள்கள் ஓடின. கிரீன் கார்டு விண்ணப்பம் காத்திருக்காது. எனவே அப்பாவே, 'முருகேசு, முருகேசன் என்கிற இரு பெயர்களும் என்னையே குறிக்கும்' என்று நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் கொடுத்தார். அக்கா பிறந்தபோது கூடவே இருந்த எங்கள் பெரிய அத்தையும் தனியாக ஒன்று கொடுத்தார்.

முதன்மைச் சான்றும் அதற்கு மாற்றான மற்ற ஆவணங்களும் கிடைக்காத நிலையில், நேரடியாக விவரம் தெரிந்த இருவரின் பிரமாணப் பத்திரங்களை அமெரிக்கக் குடிவரவு விதிகள் ஏற்கின்றன. 'எனக்கு எப்படித் தெரியும்' என்பதை அதில் எழுத வேண்டும். அத்தை, 'பிரசவத்தின்போது நான் ஆஸ்பத்திரியில் உடனிருந்தேன்' என்று எழுதியிருந்தார்.

இங்கே ஒன்றை யோசித்துப் பாருங்கள். நம் பிறப்புக்கு நேரடி சாட்சிகள் எத்தனை பேர்? அப்பா, அம்மா, பாட்டி, ஓர் அத்தை, ஒரு சித்தி. அவர்களுக்கும் வயதாகிறது. அப்பாவிடம் அன்று வாங்காமல் இருந்திருந்தால், இன்று யாரிடம் போய் வாங்குவது?

மொழிபெயர்ப்பில் ஒரு புதுப்பெயர்

தமிழில் உள்ள சான்றிதழ்களை அமெரிக்கக் குடிவரவுத் துறையிடம் கொடுக்கும்போது, முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்துத் தர வேண்டும். தனக்கு இரு மொழிகளும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று மொழிபெயர்ப்பாளர் உறுதி எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. தமிழ்ச் சான்றிதழில் பெயர் சரியாகவே இருக்கும். மொழிபெயர்ப்பாளர் தனக்குத் தெரிந்த எழுத்துக்கூட்டலில் ஆங்கிலத்தில் எழுத, அங்கே ஆறாவதாக ஒரு பெயர் பிறந்துவிடும். வேலையைக் கொடுக்கும்போதே பாஸ்போர்ட் நகலையும் கொடுத்து, 'இந்த ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்துங்கள்' என்று சொல்லிவிடுங்கள்.

பெயரை மாற்றிக்கொள்ளலாமா?

என்-400 படிவத்திலேயே, 'சட்டப்படி பெயரை மாற்றிக்கொள்ள விரும்புகிறீர்களா?' என்ற கேள்வி உண்டு. விரும்பினால், குடியுரிமையோடு சேர்த்தே புதுப் பெயரும் கிடைக்கும். இப்படி மாற்றுபவர்களுக்கு நீதிமன்றம் நடத்தும் உறுதியேற்பு நிகழ்ச்சி தேவை என்பதால், சில இடங்களில் காத்திருப்பு கூடலாம்.

அக்கா இந்தக் கட்டத்தில்தான் பல நாள் நின்றாள். 'குமார்' என்று மாற்றினால் மகளுடன் பயணம் செய்வது சுலபம். மாமாவும் சரி என்றார். அம்மாகூட, "உனக்கு எது சௌகரியமோ அதைச் செய் கண்ணு" என்றார்.

இங்கே இருக்கும் தாள்களை எடுத்துப் பார்த்தபோதுதான் இன்னொரு பக்கம் புரிந்தது. அப்பா இறந்த பிறகு தாசில்தாரிடம் வாங்கிய வாரிசுச் சான்றிதழில் அக்கா முருகேசனின் மகள் கவிதா. பான் கார்டிலும் 'கவிதா முருகேசன்'. குடியுரிமை கிடைத்த பிறகு இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெற்றால், 1955-ம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவின்படி இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது, பழைய இந்திய பாஸ்போர்ட்டின் பெயரும் புதிய அமெரிக்க பாஸ்போர்ட்டின் பெயரும் வேறாக இருந்தால் அதற்கும் விளக்க ஆவணங்கள் வேண்டும். ஒரு குழப்பத்தைத் தீர்க்கப் போய், வீட்டுப் பத்திரம் வரை புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டியிருக்கும்.

பெயரை மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. வேண்டாத சாதிப் பட்டத்தை விட, மணமுறிவுக்குப் பின் சொந்தப் பெயருக்குத் திரும்ப, இது நல்ல வாய்ப்பு. இரு நாடுகளிலும் எந்தெந்தத் தாள்களில் பழைய பெயர் இருக்கிறது என்று பட்டியல் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அக்கா 'முருகேசன்' என்றே வைத்துக்கொண்டாள். "பேப்பர் வேலை மிச்சம்" என்றாள். அது மட்டும்தான் காரணமா என்று நான் கேட்கவில்லை.

நேர்காணல் நாள்

வரிசைப்படி அடுக்கிய கோப்புடன் போனாள். மேலே ஒரே பக்கத்தில் ஒரு பட்டியல்: எந்த ஆவணம், அதில் என்ன பெயர், ஏன் வேறுபாடு, எந்தத் தாள் இணைக்கிறது. அதிகாரி 'எஃப்.என்.யு.' பற்றி மட்டும் கேட்டார். பழைய பாஸ்போர்ட்டையும் விசாவையும் காட்டினாள். தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நள்ளிரவில் தேடி எடுத்த அப்பாவின் பத்திரத்தை அவர் கேட்கவே இல்லை!

உறுதியேற்பு நாளில் ஒரு விஷயம் முக்கியம். கிரீன் கார்டை வாங்கிக்கொண்டு குடியுரிமைச் சான்றிதழைத் தருவார்கள். அரங்கை விட்டு வெளியே வருவதற்குள் பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பிறகு திருத்த வேண்டுமென்றால் என்-565 என்ற படிவத்துடன் மறுபடியும் காத்திருக்க வேண்டும். கிரீன் கார்டிலேயே பெயர் தவறாக இருப்பவர்கள், முன்கூட்டியே ஐ-90 படிவம் மூலம் திருத்திக்கொள்ளலாம்.

மற்ற நாடுகளில் விதிகள் வேறு. உதாரணமாக, பிரிட்டனில் முதல் பாஸ்போர்ட் எடுக்கும்போது, மற்ற நாட்டு பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பார்கள். அந்தந்த நாட்டு அரசின் அதிகாரபூர்வ வழிகாட்டுதலைப் பாருங்கள். பெயரில் பெரிய வேறுபாடு இருந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டே விண்ணப்பியுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள்

* வீட்டில் உள்ள எல்லாச் சான்றிதழ்களையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி எப்படி இருக்கின்றன என்று ஒரே தாளில் எழுதுங்கள்.

* எந்தப் பெயர் உங்கள் பெயர் என்று முடிவெடுங்கள். பாஸ்போர்ட்டில் இருப்பதையே அடிப்படையாக வைப்பது பெரும்பாலும் சுலபம்.

* ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அவசரப்பட்டு ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள்.

* குழந்தைக்கு முதல் பாஸ்போர்ட் எடுக்கிறீர்களா? சர்நேம் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.

* பெரியவர்கள் நலமாக இருக்கும்போதே, தேவைப்படும் பிரமாணப் பத்திரங்களை வாங்கி வையுங்கள். ஸ்கேன் எடுத்து, மின்னஞ்சலிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

உறுதியேற்பு முடிந்ததும் அக்கா வீடியோ காலில் வந்தாள். கையில் சான்றிதழ். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "பேரு சரியா இருக்கா பார்த்தியா?"

அக்கா ஒவ்வோர் எழுத்தாக வாசித்துக் காட்டினாள். 'கவிதா' ஒரு கட்டத்தில், 'முருகேசன்' இன்னொரு கட்டத்தில்.

அம்மா எழுந்து போய், அப்பாவின் பிரமாணப் பத்திரத்தை மறுபடியும் மஞ்சப்பையில் வைத்துப் பீரோவைப் பூட்டினார்.